செயலி தெரிதல்: ஒரு சிற்றிலக்கணம்

டார்ச் எரிவதற்கு மூன்று பொருள் வேண்டும்: மின்சாரம், விளக்கு, பொத்தான். 2013 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் நான்காவதாக ஒன்றைக் கண்டறிந்தது. 'பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்' என்ற இலவசச் செயலி கோடிக்கணக்கானோர் கைப்பேசியில் விளக்கெரித்துக்கொண்டிருந்தது. கூடவே, எரிப்பவர் நிற்கும் இடத்தையும் அவர் கைப்பேசியின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. விதிகளை ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பொத்தான்களும் வைத்திருந்தார்கள். எதை அழுத்தலாம் என்று ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தகவல் போய்ச் சேர்ந்துவிடும் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. இருட்டில் நிற்பவர் எங்கே நிற்கிறார் என்பது அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இலக்கியம் முன்னே, இலக்கணம் பின்னே என்பது மரபு. மேற்கண்டதை இலக்கியமாகக் கொண்டு இச்சிற்றிலக்கணம் செய்யப்படுகிறது. இதைக் கேட்டற்குரியார் கைப்பேசி வைத்திருப்போரும், அதில் என்ன வைத்திருக்கிறோம் என்று அறியாதோரும் ஆவர். இரண்டாமவர் தொகை சற்றுக் குறைதல் இதனால் விளையும் பயன்.

முதற்கண் குலவரலாறு. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். அவர் வழிவந்தோர் மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு நான்கு உரிமை உண்டென்பர்: விரும்பியபடி ஓட்டுதல், பிரித்துப் பார்த்து மாற்றுதல், பிறர்க்குக் கொடுத்தல், மாற்றியதைக் கொடுத்தல். இவற்றுக்கு 0, 1, 2, 3 என்று எண்ணிடுவர். எண்ணத் தொடங்கும் இடத்திலேயே பொதுமக்களிடமிருந்து பிரிந்துவிட்ட இயக்கம் இது. 1998-இல் வேறு சிலர், உரிமை உரிமை என்று பேசினால் முதலாளிகள் ஓடிவிடுகிறார்கள் என்று கண்டு, 'திறமூலம்' என்ற பெயரில் பயனைப் பேசத் தலைப்பட்டனர். இருசாராரும் ஒரே செயலியை நிறுவிக்கொண்டு வெவ்வேறு காரணத்துக்காக மகிழ்வர். நமக்கு வேண்டியது செயலி ஆகையால் அவர்கள் வழக்கில் நாம் நுழைவதில்லை.

மூலநிரல் திறந்திருப்பதும் அந்தரங்கம் காப்பதும் ஒன்றோ எனின், அன்று. குரோம் உலாவியின் அடித்தளமாகிய குரோமியம் திறந்த நிரல்தான். அதன்மேல் எழுந்த குரோம் யாருடையது, அவர்கள் வருமானம் எதிலிருந்து வருகிறது என்பது ஊரறிந்தது. டெலிகிராமில் நம் கையில் உள்ள செயலி திறந்தது, செய்தி போய்த் தங்கும் சர்வர் மூடியது. 'ரகசிய உரையாடல்' என்று தனியே தேர்ந்தெடுத்தால் அன்றி, இருமுனைக்கு இடையே முழுப் பூட்டும் இல்லை. வாட்ஸப்போ மூடிய செயலி; ஆயினும் 2016 ஏப்ரல் முதல் அதன் செய்திகளுக்கு இட்டிருப்பது சிக்னல் என்ற திறந்த செய்திச் செயலிக்காரர்கள் செய்த அதே பூட்டு. செய்தி பத்திரம். யார், யாரிடம், எப்போது, எத்தனை தடவை என்பதெல்லாம் பூட்டுக்கு வெளியே கிடக்கிறது. ஆகவே ஒரு செயலியைப் பார்க்கும்போது நிரல் திறந்ததா என்பதோடு, அது எதைச் சேர்த்து வைக்கிறது, அதன் அடுப்பு எந்தப் பணத்தில் எரிகிறது என்ற இரண்டையும் பார்க்க.

தனியுரிமைக் கொள்கையைப் படித்தால் இவை தெரியாவோ எனின், அதை எழுதியவர் நோக்கம் அதுவன்று. நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்றார் நன்னூலார். ஒரே நூலில் பத்தும் அமைவது அரிது. இவ்வுரைநடை வகையில் எளிது. மிகைபடக் கூறலை முதல் பக்கத்திலேயே காணலாம். 'எங்கள் கூட்டாளிகள்' என்ற ஒரு சொல்லில் குன்றக் கூறல் முழுமையாக அடங்கும். மறுத்த அனுமதியை நாள்தோறும் திரும்பக் கேட்கும் பெட்டி, கூறியது கூறலுக்கு எடுத்துக்காட்டு. ஆதலின் கொள்கையை விடுத்து அனுமதிப் பட்டியலைப் படிக்க. கால்குலேட்டர் ஒன்று தொடர்பு எண்களைக் கேட்குமாயின் அது கூட்ட விரும்புவது எண்களை மட்டும் அன்று என்று கொள்க.

அற்றேல், நிரல் திறந்திருந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், களவு ஒளியாது எனின், இது பாதி உண்மை. திறந்த நிரல் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டைப் போன்றது. யாரும் படிக்கலாம். தினமும் நூறு பேர் அதில் சாய்ந்துகொண்டு புளியோதரை சாப்பிடுகிறார்கள். படிக்கத் தெரிந்தவர் பத்தாண்டுக்கு ஒருமுறை வருகிறார். இணையதளங்களில் பெரும்பகுதி தன் பூட்டுக்கு நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இரண்டாண்டுபோல் எல்லார் கண்முன்னும் கிடந்து, 2014 ஏப்ரலில்தான் அகப்பட்டது.

2024 மார்ச்சில் நிகழ்ந்தது இதனினும் சுவையுடைத்து. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்-இசட் என்ற சுருக்கு நிரலைச் சம்பளமில்லாமல் பராமரித்துவந்தவர் களைத்துப்போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டாண்டுக்கு மேல் பணிவாக ஒத்தாசை செய்து, பொறுப்பைப் பெற்று, அதில் ஒரு பின்வாசல் வைத்தார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், மைக்ரோசாஃப்ட் ஊழியர். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று எரிச்சலுற்று நோண்டிப் பார்த்தார். தாலுகா அலுவலகம் போய்ப் பழகிய நமக்கு அரை நொடி உறைத்திருக்காது. ஆனாலும் ஒன்று: எழுத்து சுவரில் இருந்தமையால் அவரால் படிக்க முடிந்தது. மூடிய நிரலாயின் தாமதத்தைக் கண்டிருப்பார், காரணத்தைக் காண்பது பெரும்பாடு.

நிரலைத் திறப்பது மட்டும் போதாது என்பதற்கு உள்நாட்டு மேற்கோளும் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சேதுவின் ஆண்ட்ராய்டு மூலநிரலை மே 26 அன்று அரசு வெளியிட்டது. அக்டோபரில், இதை உருவாக்கியது யார் என்ற தகவலுரிமைக் கேள்விக்குத் தேசியத் தகவலியல் மையம் அத்தகவல் தன்னிடம் இல்லை என்றது. மத்தியத் தகவல் ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. மையமும் தொழில்துறை, கல்வித்துறைத் தன்னார்வலரும் சேர்ந்து செய்தது என்று அதன்பின் அரசு தெளிவுபடுத்தியது. ஆசிரியர் பெயர் தெரியாப் பாடல்கள் சங்கத் தொகையிலும் பல உள. அம்மரபு தொடர்கிறது என்று ஆய்வாளர் கருத இடமுண்டு.

இனிக் கொள்ளும் இடம். 2010 முதல் இயங்கும் எஃப்-டிராய்டு என்பது கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான களஞ்சியம். பெரும்பாலும் மூலநிரலை எடுத்துத் தாமே கட்டித் தருவார்கள். இங்கே கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. யார் எதை எடுத்தார் என்று யாரும் எழுதிக்கொள்வதில்லை. தன் சரக்கின் குறையைத் தானே எழுதி ஒட்டும் கடை வேறெங்கும் அரிது: இது விளம்பரம் காட்டும், இது பின்தொடரும், இது மூடிய சேவை ஒன்றை நம்பியிருக்கிறது என்று செயலியின் பெயருக்குக் கீழேயே இருக்கும். குறை எதுவெனில், புதிய பதிப்பு சில நாள் தாமதமாக வரும். செயலிகளின் அறிமுகத்தைப் பெரும்பாலும் அவற்றை விற்கும் எண்ணமே இல்லாதவர்கள் எழுதியிருப்பார்கள். எல்லாம் இங்கே கிடைக்கும் என்றும் எண்ணற்க. சிக்னல் இதன் களஞ்சியத்தில் இல்லை. ஆகவே பிளே ஸ்டோரை அடியோடு துறந்தேன் என்பாரைக் கண்டால், பஸ் டிக்கெட் எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்க.

இந்நூலின் தலைமைச் சூத்திரம் இனி வருவது. செயலி இருவகைப்படும்: தனித்து மாறுவன, கூடி மாறுவன. முன்னது நாம் ஒருவர் நினைத்தால் இன்றிரவே மாற்றலாம். பின்னதற்குப் பிறர் சம்மதம் வேண்டும். புதிதாக ஞானம் பெற்றோர் பின்னதில் தொடங்கித் தோற்று, முன்னதையும் கைவிடுவர். நூலின் பெரும்பகுதி இவ்வொரு பிழையைத் தடுக்கவே எழுந்தது.

தனித்து மாறுவனவற்றுள் தலையாயது கீபோர்டு. ஒருவரும் ஐயுறாத செயலி இது. எவ்வளவு வலிய பூட்டுப் போட்ட செய்தியும், பூட்டுவதற்கு முன் இதன் வழியாகத்தான் எழுத்தெழுத்தாகப் போகிறது. பாஸ்வேர்டு போகிறது, மருத்துவரிடம் சொன்னது போகிறது, அனுப்பலாமா என்று யோசித்து அழித்த வாக்கியம் போகிறது. மூன்றிலும் கடைசிதான் அந்தரங்கமானது. ஹெலிபோர்டு என்ற திறந்த கீபோர்டு இணைய அனுமதியையே கேட்பதில்லை. அந்த அனுமதி இல்லாதபோது அனுப்பும் வழியும் இல்லை. தமிழ் உண்டு. விரலை இழுத்து எழுதும் வசதி வேண்டுமென்றால் மட்டும் மூடிய நிரல்தொகை ஒன்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். சோம்பலுக்கும் அந்தரங்கத்துக்கும் உள்ள பகையை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய செயலி பிறிதில்லை. தமிழ்99 முறையில் எழுதுவோர்க்கு இண்டிக் கீபோர்டு உண்டு. இது சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் வழி வந்தது. 1999-இல் சென்னையில் கூடி வகுத்த விசைப்பலகை கேரளத்து உழைப்பில் கிடைப்பதைச் சேரநாட்டுத் தொடர்பின் பிற்காலச் சான்றாகக் கொள்க.

அடுத்து கேலரி, காலண்டர், கோப்பு, அலாரம் முதலாயின. 'சிம்பிள் மொபைல் டூல்ஸ்' என்ற பெயரில் இவையெல்லாம் விளம்பரமின்றி, இணைய அனுமதியின்றி, திறந்த நிரலாக வந்துகொண்டிருந்தன. 2023 இறுதியில் அதன் ஆசிரியர் அத்தனையையும் ஜிப்போஆப்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றார். நிறுவியிருந்தோர் ஓர் இரவில், தாம் ஒன்றும் செய்யாமலேயே, வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆயினர். மூடிய செயலியாயின் கதை இங்கே முடியும். திறந்த நிரலாகையால், அதில் பங்களித்துவந்த ஒருவர் பழைய நிரலைப் பிரித்தெடுத்து 'ஃபாசிஃபை' என்ற பெயரில் தொடர்ந்தார். திறந்த நிரலின் பயன் யாது என்று வினவுவார்க்கு இக்கட்டுரை தரும் விடை இதுதான்: வீட்டுக்காரர் மாறினாலும் குடியிருப்பவர் சுவரோடு பெயர்ந்து போகலாம்.

படம் பார்க்க விஎல்சி. 1996-இல் பாரிஸ் அருகே எகோல் சென்ட்ரல் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஓட்டும், ஒன்றையும் கேட்காது. இத்தகைய குணத்தை ஐயுற்றோ என்னவோ, 2022-இல் இந்தியாவில் அதன் இணையதளம் பல மாதம் தடுக்கப்பட்டிருந்து, நவம்பரில் விடுபட்டது. அக்காலத்தும் நிறுவியிருந்தோர் திரையில் அதன் சின்னமாகிய ஆரஞ்சுக் கூம்பு தங்குதடையின்றிப் படம் ஓட்டியது.

வரைபடம் சற்று விரித்துரைக்கத்தக்கது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004 முதல் உலகத்தார் தாமே வரைந்துவரும் படம். அதன்மேல் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ், அதிலிருந்து 2025-இல் பிரிந்த கோமேப்ஸ் ஆகியன மாவட்டத்தையே கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டு இணையமின்றி வழி சொல்லும். உங்கள் தெரு அதில் இல்லையெனில் குற்றம் உங்களுடையது, வரைந்து சேர்க்க. இச்செயலிகளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு: முன்னே நெரிசலா என்பது. அது ஏனென்று நோக்கினால் தத்துவம் பிறக்கிறது. நெரிசலைக் கூகுள் வானத்திலிருந்து பார்ப்பதில்லை. சாலையில் போகும் கைப்பேசிகள் ஊர்கின்றனவா ஓடுகின்றனவா என்று பார்க்கிறது. 2020 பிப்ரவரியில் சைமன் வெக்கர்ட் என்ற பெர்லின் கலைஞர், பழைய கைப்பேசி 99-ஐ ஒரு சிவப்புத் தள்ளுவண்டியில் போட்டு வெறும் தெருவில் மெல்ல இழுத்துப் போனதாகக் காட்டினார். வரைபடத்தில் தெரு சிவந்தது. ஆக, முன்னே நெரிசல் என்ற அறிவு வேண்டுமெனில், நெரிசலில் நிற்கும் யாரோ ஒருவர் தம் இருப்பிடத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். அவர் நாமாக இருக்க வேண்டாம் என்பதே நம் கொள்கை. இதில் அறமில்லை என்று யாரேனும் சொன்னால் மறுப்பதற்கில்லை. ஊருக்குள் நடக்கத் திறந்த படம், விமானத்தைப் பிடிக்க மற்றது என்பது நடைமுறை.

உலாவிக்கு ஃபயர்ஃபாக்ஸ். அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்க்கலாம், கைப்பேசியிலும். அந்தத் தடுப்பானைக் குரோம் 2024, 2025 ஆண்டுகளில் படிப்படியாக வெளியேற்றிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலை முன்னிருத்துவதற்காகக் கூகுள் தரும் பணம். கேட்டவுடன் மாணாக்கர் மனமுடைவர். உடைந்தபின் ஃபயர்ஃபாக்ஸையே பயன்படுத்துவர், பிறிதில்லாமையால். பாஸ்வேர்டுக்குக் கீபாஸ் வகை அல்லது பிட்வார்டன். தலைமைச் சொல்லை மறந்தால் நிறுவனம் உதவாது. உதவ இயலாமைதான் அதன் சிறப்பு. ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வைக்க. பீரோவுக்கு இணைய இணைப்பு இல்லை.

இனி, கூடி மாறுவன. 2021 ஜனவரியில் வாட்ஸப் தன் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தது. சிக்னலைப் பயன்படுத்துக என்று ஈலான் மஸ்க் இரண்டே சொல்லில் எழுதினார். முதலீட்டாளர்கள் 'சிக்னல் அட்வான்ஸ்' என்ற, இதனோடு யாதொரு தொடர்பும் இல்லாத டெக்சாஸ் மருத்துவக் கருவிக் கம்பெனியின் பங்கை வாங்கினர். சில நாளில் விலை ஐம்பது மடங்குக்கு மேல் ஏறியது. பொதுமக்கள் சரியான சிக்னலைத்தான் நிறுவினர். அத்தனை பேர் வந்ததில் அது ஒரு நாள் படுத்துவிட்டது. எழுந்தபின் பெரும்பாலோர் வாட்ஸப்புக்குத் திரும்பிப் போய், சிக்னல் படுத்த செய்தியை ஃபார்வர்ட் செய்துகொண்டிருந்தனர். காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை. குடும்பக் குழுவில் நிகழும் உரையாடல் இத்தன்மைத்து:

"அத்தை, எல்லாரும் சிக்னலுக்கு மாறிடலாமா?"

"எல்லாரும் போனதும் சொல்லுப்பா, நானும் வந்துடறேன்."

இவ்விடையைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே, மனமொப்பிச் சொல்வர். எதிர்ப்பவர் ஒருவரும் இல்லை, வந்தவரும் இல்லை. கேட்ட மருமகன் மட்டும் அங்கே போய்ச் சேர்ந்து, உலகின் மிகப் பாதுகாப்பான செயலியில் பேச ஆளின்றி இருப்பான். சில நாளில், தான் மாறிவிட்டதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் அறிவித்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அங்கேயே எண்ணிக்கொண்டிருப்பான்.

சிக்னல் அவ்வளவு பாடுபட்டு மாறத்தக்கதோ எனின், ஆம். 2016-இல் வர்ஜீனியாவில் ஒரு நீதிமன்ற ஆணை அவர்களிடம் இருவரைப் பற்றிய விவரங்களைக் கேட்டது. கொடுக்க முடிந்தவை இரண்டு: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறெதுவும் அவர்களிடமே இல்லை. வாட்ஸப்பை உருவாக்கிய இருவருள் ஒருவராகிய பிரையன் ஆக்டன், அதை 2014-இல் ஃபேஸ்புக்குக்கு விற்றபின், 2018-இல் 5 கோடி டாலர் கொடுத்துச் சிக்னல் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். கழுவாய் என்ற துறையில் இது குறிப்பிடத்தக்க தொகை.

ஆகவே விதி இது: குழுவை விட்டுவிடுக, ஆளைப் பிடிக்க. மனைவி அல்லது கணவர், வக்கீல், மருத்துவம் பேசும் நண்பர் என எவரிடம் பேசுவது வெளியே போகக்கூடாதோ அவரை மட்டும் பக்கத்தில் அமர்த்தி, கைப்பேசியை வாங்கி, நிறுவிக் கொடுக்க. குடும்பக் குழு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ரோஜாப்பூவோடு வரும் காலை வணக்கத்தை உளவறிந்து யாரும் பயன்கொள்ளப் போவதில்லை.

சுதேசி வேண்டுவார்க்கு ஸோஹோவின் 'அரட்டை' உண்டு. 2025 செப்டம்பர் கடைசியில் அமைச்சர்கள் பரிந்துரைக்க, தரவிறக்கப் பட்டியலின் உச்சிக்குப் போனது. பெயர் தமிழ், நிரல் மூடியது. அந்த அலையின்போது எழுத்துச் செய்திகளுக்கு முழுப் பூட்டும் இயல்பாக இருக்கவில்லை. பிறந்த ஊர் வேறு, நம் இலக்கணம் வேறு. எதிர்த்திசையில், 2023 மே மாதத்தில் மத்திய அரசு தடுத்த 14 செயலிகளுள் எலிமென்ட், பிரையர் என்ற இரண்டும் திறந்த நிரல்கள். ரகசியம் காப்பதில் அவை தேர்ந்தவை என்பதற்கு அரசு முத்திரையோடு கிடைத்த சான்று அதுவே.

பணம் அனுப்பும் செயலிகளுக்கு இந்நூலில் விதி இல்லை. யுபிஐ-க்குப் பரவலாக வழங்கும் செயலி எதுவும் திறந்த நிரல் அன்று. கைப்பேசியின் ஆண்ட்ராய்டையே மாற்றி, கூகுளை நீக்கிவைத்தவர்களைப் பல வங்கிச் செயலிகள் திருடரைப்போல் பார்த்து வாசலிலேயே நிறுத்தும். இத்துறையில் புகழ்பெற்ற கிராஃபீன்ஓஎஸ் பல ஆண்டுகளாகக் கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் மட்டுமே ஓடிவந்தது. கூகுளிடமிருந்து தப்பக் கூகுளுக்கே ஒரு பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. பூக்காரரிடம் பத்து ரூபாய் கொடுக்க வேண்டிய சாமானியர், இயல்பான கைப்பேசியையே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பணச் செயலியை நிறுவி, அது கேட்கும் அனுமதிகளில் மறுத்தாலும் ஓடுகிறவற்றை மறுத்துவிட்டு அமைக.

எஞ்சியது கூலி. இச்செயலிகளை எழுதுவோர் சோறு உண்பவர்கள். சிக்னல் 2023-இல் கணக்குக் காட்டியபோது, 2025-க்குள் ஆண்டுச் செலவு 5 கோடி டாலராகும் என்றது; பதிவு செய்பவர்க்குக் குறுஞ்செய்திக் குறியெண் அனுப்பவே அப்போது ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்தது. எக்ஸ்-இசட் பராமரிப்பாளர் களைத்ததும், சிம்பிள் மொபைல் டூல்ஸ் கைமாறியதும் நிரலில் வந்த பிழையால் அல்ல. எனவே வாசகர், தாம் அன்றாடம் பயன்படுத்தும் திறந்த செயலி ஒன்றைத் தெரிந்துகொண்டு, ஆண்டுக்கு ஒரு சினிமா டிக்கெட்டு விலையை அதன் ஆசிரியருக்கு அனுப்புக. நன்கொடைப் பொத்தான் பெரும்பாலும் செயலியின் 'பற்றி' பக்கத்தில் இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 முதல் புதிதாகத் தரும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்கப் பெரும்பாலும் உங்கள் வங்கியின் செயலியைத் திறக்க வேண்டும். இருப்பிடம், தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். அன்று ஒரு நாள் கொடுங்கள்.